போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து 18: செக்சம் தகராறில் அப்கிரேட் நின்றுவிடுகிறது (தீர்ந்தது)

மண்டபம்கரை:
வணக்கம். மண்டபத்தில் இறால், நண்டு, கணவாய் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் தலையில். எடை, ஐஸ் கணக்கு, படகுக்காரர் முன்பணம் எல்லாம் போஸ்ட்கிரெஸ் 13 டேட்டாபேஸில் ஓடுகின்றன. மொத்தம் 190 ஜிபி. 2025 நவம்பரோடு 13-க்குத் திருத்தங்கள் நின்றுவிட்டதால் 18-க்கு மாறப் பார்க்கிறேன்.

18-ஐ இன்ஸ்டால் செய்து, இனிட்டிபி போட்டு (காலியான புதிய கிளஸ்டரை, அதாவது டேட்டாபேஸ் தொகுப்பை, உருவாக்கும் கருவி), பிஜி_அப்கிரேடை (பழையதைப் புதிய பதிப்புக்கு மாற்றும் கருவி) வெறும் சோதனையான செக் முறையில் ஓட்டினால், பழைய கிளஸ்டரில் டேட்டா செக்சம் (தரவு கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) இல்லை, புதியதில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடுகிறது. நான் செக்சம் எதையும் ஆன் செய்யவே இல்லை.

இன்னொரு பயமும் உண்டு. முன்பு 9.6-லிருந்து 13-க்கு மாறிய இரவு, அனலைஸ் (டேபிள்களில் உள்ள தரவு பற்றிப் புள்ளிவிவரம் எடுப்பது) முடிவதற்குள் படகுகள் கரையேறிவிட்டன. ஒருவருடைய பாக்கியைக் காட்ட இரண்டு நிமிடம் ஆனது. கடைசியில் அட்டைப்பெட்டி மூடியில் எடையை எழுதினோம். முதலாளி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இந்த முறையும் படகு வராத ஓர் இரவுதான் கிடைக்கும். செய்யலாமா, இல்லை ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை பொறுக்கலாமா?

கீழக்கரைக்காரன்:
தம்பி, நீங்கள் ஆன் செய்யவில்லை, 18 தானே செய்துகொண்டது. இந்தப் பதிப்பிலிருந்து இனிட்டிபி முன்னிருப்பாகவே செக்சத்தோடுதான் கிளஸ்டரை உருவாக்கும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் பிஜி_அப்கிரேட் அசையாது.

வழி இரண்டு. ஒன்று, புதிய கிளஸ்டரை அழித்துவிட்டு, செக்சம் வேண்டாம் என்ற ஆப்ஷனோடு மறுபடி இனிட்டிபி போடுவது. ஐந்து நிமிட வேலை. மற்றது, 13-ஐ முறையாக நிறுத்திவிட்டு, பிஜி_செக்சம்ஸ் கருவியால் அதில் செக்சத்தை ஆன் செய்வது. 190 ஜிபியையும் ஒரு முறை படித்து எழுதும், அதுவரை சர்வர் நின்றே இருக்க வேண்டும்.

இரண்டாவதைத்தான் செய்யச் சொல்வேன். நம் ஊர்க் காற்றைத்தான் தெரியுமே. கடற்கரையிலிருந்து இருநூறு அடியில் சர்வர் வைத்திருந்த ஓர் இடத்தில் நான் மெமரியைக் கழற்றியபோது தங்க நிறக் கால்களில் பச்சை பூத்திருந்தது. டிஸ்க்கில் ஒரு பிளாக் கெட்டுப்போனால் செக்சம் இருந்தால் படிக்கும்போதே பிழை வரும். இல்லாவிட்டால் தப்பான எடையோடு பில் போய்க்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

அட்டைப்பெட்டி பயத்தை விடுங்கள். 18-ல் பிஜி_அப்கிரேட் ஆப்டிமைசர் ஸ்டாட்டிஸ்டிக்ஸைக் (அனலைஸ் எடுக்கும் அந்தப் புள்ளிவிவரங்களை) கூடவே கொண்டுவந்துவிடும். எல்லோரும் அசிங்க்ரனஸ் ஐஓ (ஒவ்வொன்றுக்கும் காத்திராமல் டிஸ்க்கைப் படிக்கும் வசதி) பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் நிர்வாகிக்கு இந்தப் பதிப்பில் கிடைத்த பெரிய வரம் இதுதான். ஒன்றே ஒன்று: கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டு நீங்களாக உருவாக்கியவற்றின் தரவு வராது. அதற்கு வேக்யூம்டிபி கருவியில் 'இல்லாதவற்றுக்கு மட்டும்' என்ற புதிய ஆப்ஷன் இருக்கிறது. முதலில் அதை ஓட்டுங்கள், முழு அனலைஸை அப்புறம் ஆற அமரப் பார்க்கலாம்.

தொண்டிமுனை:
கீழக்கரைக் காக்கா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. ஸ்வாப் என்று ஒரு புதிய முறை வந்திருக்கிறது. ஃபைல்களைக் காப்பி செய்யாமல் பழைய டைரக்டரிகளையே தூக்கிப் புதியதில் வைப்பதால் படு வேகம். ஆனால் அது தொடங்கிவிட்டால் பழைய கிளஸ்டர் போனதுதான், திரும்ப வழியில்லை. 190 ஜிபிக்கு அந்த வேகம் தேவையே இல்லை. டிஸ்க்கில் இடம் இருந்தால் காப்பி முறையே போதும்.

ரெப்ளிகா (உடனுக்குடன் பிரதி எடுக்கும் இன்னொரு சர்வர்) ஏதாவது ஓடுகிறதா?

மண்டபம்கரை:
நன்றி காக்கா. தொண்டி அண்ணே, ராமநாதபுரம் ஆபீசில் ஒன்று ஓடுகிறது. போன ஐப்பசி மழையில் கேபிள் அறுந்து நாலு நாள் லைன் இல்லை. ரெப்ளிகா எதுவரை வாங்கியது என்று குறித்து வைக்கும் ஸ்லாட்டுக்காக வால் ஃபைல்கள் (மாற்றங்களின் பதிவு) சேர்ந்து சேர்ந்து இங்கே டிஸ்க் நிரம்பி, மெயின் சர்வரே படுத்துவிட்டது.

தொண்டிமுனை:
அதற்குத்தான் கேட்டேன். ஸ்லாட் எவ்வளவு வால் பிடித்து வைக்கலாம் என்று ஜிபியில் வரம்பு போடும் வசதி உங்கள் 13-லேயே இருக்கிறது. முன்னிருப்பில் வரம்பில்லை என்பதால் யாரும் தொடுவதில்லை. 18-ல் காலக் கெடுவும் வைக்கலாம், ஐடில்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்_டைம்அவுட் என்று பெயர். ஆள் வராத ஸ்லாட்டை அந்தக் கெடு தாண்டியதும், அடுத்த செக்பாயின்ட்டில் (மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம்) செல்லாததாக்கிவிடும். இதுவும் முன்னிருப்பில் அணைந்தே இருக்கும்.

ஒரு நாள் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். நம் பக்கம் ஒரு புயல் சின்னம் என்றாலே இரண்டு நாள் போய்விடும். ஸ்லாட் செத்தால் ரெப்ளிகாவை முதலிலிருந்து எடுக்க வேண்டும். நான் மூன்று நாள் வைத்திருக்கிறேன், ஜிபி வரம்பும் கூடவே.

பரமக்குடி_நெசவு:
எடை டேபிளில் எத்தனை வரிசை? அப்டேட் அதிகமா?

மண்டபம்கரை:
சுமார் 6 கோடி. விலை பேசி முடித்ததும் ஒவ்வொரு வரிசையும் ஒரு தடவையாவது அப்டேட் ஆகும். ஆட்டோவேக்யூம் (செத்த வரிசைகளைத் தானாகத் துடைக்கும் வேலை) வரவே வராது, வந்தால் போகாது. 18-ல் அதற்கு மேல்வரம்பு வந்திருக்கிறதாமே, அது உதவுமா?

பரமக்குடி_நெசவு:
கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னிருப்பில் டேபிளில் 20 சதவீதம் செத்த வரிசை (அப்டேட்டில் கழிந்த பழைய பிரதி) சேர்ந்தால் ஆட்டோவேக்யூம் வரும். 6 கோடிக்கு அது 1 கோடியே 20 லட்சம். எத்தனை செத்த வரிசை வரை பொறுக்கலாம் என்ற புதிய மேல்வரம்பின் முன்னிருப்பு 10 கோடி. 50 கோடி வரிசையைத் தாண்டிய டேபிளுக்குத்தான் அது தானாக வேலை செய்யும். ஆகவே உங்களுக்குச் சும்மா இருந்தால் ஒன்றும் மாறாது. அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் மேல்வரம்பை 10 லட்சம் என்று இறக்குங்கள். அடிக்கடி வரும், ஆனால் சீக்கிரம் போய்விடும்.

வேக்யூமின் பழைய மெமரி முறையை 17-லேயே மாற்றிவிட்டார்கள், 13-லிருந்து வரும் உங்களுக்கு அதுவும் சேர்த்துக் கிடைக்கும். ஆட்டோவேக்யூம் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்ட இனி ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் போதும். எந்த டேபிளுக்கு வேக்யூம் மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பிஜி_ஸ்டாட்_ஆல்_டேபிள்ஸில் தனி நெடுவரிசையே வந்திருக்கிறது. முதலாளி கேட்டால் அதைக் காட்டுங்கள்.

மண்டபம்கரை:
இரவு 2:10. பழையதில் செக்சம் ஆன் செய்ய 40 நிமிடம். செக் பாஸ். அப்கிரேட் முடிந்தது. பாக்கி ரிப்போர்ட் உடனே வந்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் தராசுப் பக்கத்து டேப்லெட் ஒன்றும் உள்ளே போகவில்லை. பாஸ்வேர்ட் தப்பு என்கிறது. பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை! நாலரைக்குப் படகு.

கீழக்கரைக்காரன்:
சர்வர் லாகைப் பாருங்கள். அந்த யூசருக்குச் சரியான ஸ்க்ராம் சீக்ரெட் இல்லை என்று ஒரு வரி இருக்கும். ஸ்க்ராம் என்பது பாஸ்வேர்டைச் சேமித்துச் சரிபார்க்கும் புதிய முறை, எம்டி5 பழையது.

13-ல் முன்னிருப்பில் பாஸ்வேர்டுகள் எம்டி5 ஆகத்தான் சேமிப்பாகின. யார் எப்படி உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ ஃபைலை அப்கிரேட் கொண்டுவராது, புதியதில் ஸ்க்ராம் என்று எழுதியிருக்கும். அந்த வரிகளில் எம்டி5 என்று மாற்றி ரீலோட் கொடுங்கள். அங்கே எம்டி5 என்றிருந்தாலும் ஸ்க்ராமாகச் சேமித்த பாஸ்வேர்ட் ஸ்க்ராமாகவே போகும், பயப்பட வேண்டாம்.

இது ஒட்டுப் போடும் வேலைதான். 18-ல் எம்டி5-ஐக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், எம்டி5 பாஸ்வேர்ட் வைத்தால் எச்சரிக்கையே வரும். ஒவ்வொரு யூசருக்கும் பாஸ்வேர்டை மறுபடி போட்டு ஸ்க்ராமுக்கு மாற்றிவிடுங்கள்.

மண்டபம்கரை:
லாகில் அதே வரி. ரீலோட் கொடுத்ததும் ஐந்து டேப்லெட்டும் உள்ளே போய்விட்டன. நேரம் 2:31.

காலையில் எடை முழுவதும் திரையிலேயே ஏறியது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு டேப்லெட்டில் ஆப்பை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் 42.2-க்கும் பழையது, ஸ்க்ராம் தெரியாது. அவற்றைத் தடைக்காலத்தில் மாற்றும்வரை எம்டி5 வரி இருக்கட்டும். ராமநாதபுரம் ரெப்ளிகாவைப் புதிதாக எடுக்க நாளை பஸ் ஏறுகிறேன். இந்த லைனில் 190 ஜிபி அனுப்புவதை விட ஹார்ட்டிஸ்க்கைப் பையில் போட்டுக் கொண்டுபோவது சீக்கிரம்.