பின்போல் போட்டிக்கு என்ட்ரி எப்படி வைப்பது?

வெள்ளவத்தையான்: தெஹிவளையில் நண்பர் வீட்டில் மூன்று பின்போல் மெஷின் (பந்தைத் தட்டித் தட்டி ஸ்கோர் எடுக்கும் மெஷின்) இருக்கிறது, இருபது பேர் வருவார்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் காசா, ஒரே கட்டணமா?

கொட்டாஞ்சேனை: ஆட்டத்துக்குக் காசு என்றால் ஒவ்வொரு மெஷினிலும் சிறந்த ஸ்கோர்தான் கணக்கு, திரும்பத் திரும்ப ஆடலாம், கடைசியில் காசுள்ளவனுக்குத்தான் வசதி, வரிசையும் காலி வீதி வரைக்கும் போகும். ஸ்கோரை அப்படியே கூட்டாதீர்கள், ஒன்றில் கோடி சாதாரணம், பழைய மெஷினில் லட்சமே பெரிது. மெஷினுக்கு மெஷின் யார் எத்தனையாவது இடம் என்று பார்த்து 100, 90, 85, 84 என்று புள்ளி போடுங்கள்.

பம்பலப்பிட்டி அக்கா: ஒரே கட்டணம், மூன்று ஸ்ட்ரைக். நாலு நாலு பேராக ஆடி, கீழே வரும் இருவருக்கும் ஸ்ட்ரைக், மூன்று வாங்கினால் வெளியே.

வெள்ளவத்தையான்: சரி அக்கா, மெஷினை அளவுக்கு மீறி ஆட்டி டில்ட் ஆனால்?

பம்பலப்பிட்டி அக்கா: அந்தப் பந்து போச்சு, அவ்வளவுதான்.