070-க்கு 25:1-ஆ, 50:1-ஆ? மானுவலைப் படிச்சவங்க மட்டும் வரவும்

பழைய_இரும்பு:
ஒரு வாட்ஸாப் குழுவுல நேத்து ஒரு மகான் அருள்வாக்கு சொல்லியிருக்கார்: "பழைய ஸ்டில் 070 செயின்சாவோ, போன வாரம் வாங்கின மெஷினோ, எல்லாத்துக்கும் பெட்ரோல்-ஆயில் கலவை 50:1 தான். 25:1 தாத்தா காலத்துப் பழக்கம்." முப்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருக்காங்க. மானுவலைத் திறந்து பார்த்திருந்தா ஒரு விரல்கூட எழும்பியிருக்காது.

ஸ்டில் மானுவல்ல இருக்கறது இதுதான். அவங்க சொந்த டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊத்தினா 1:50. வேற கம்பெனி ஆயில்னா 1:25. அதாவது லிட்டருக்கு 40 மி.லி. பங்க்ல வாங்கற டூ-டி ஆயில் எந்தக் கம்பெனின்னு டப்பாவைத் திருப்பிப் பாருங்க.

இது 105.7 சி.சி. இஞ்சின். 58 மி.மீ. போர் (சிலிண்டர் உள்விட்டம்), 40 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடற தூரம்). கிராங்க் பேரிங், ராடு நீடில் பேரிங், பிஸ்டன் பின் எல்லாத்துக்கும் எண்ணெய் பெட்ரோலோட சேர்ந்து வந்தாத்தான் உண்டு. மூணடி புளியமரத்துல பார் முழுசா இறங்கி நிக்கும்போது 20 மி.லி.-ல சிக்கனம் பிடிக்கறவங்க, அப்புறம் பிஸ்டன் விலை கேட்டு அழக் கூடாது.

புகையில்லா_மண்டலம்:
அந்த மகான் நான்தான். வணக்கம்.

மானுவல் எழுதின காலத்துல "வேற கம்பெனி ஆயில்"னா கண்ட எண்ணெயும் அதுல அடக்கம். தரம் தெரியாததால 25-னு பாதுகாப்பா எழுதி வச்சாங்க. இன்னைக்கு ஜேசோ எஃப்டி (டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பான் தர அளவு) முத்திரை போட்ட ஆயில் கடைக்குக் கடை கிடைக்குது. அதை 25:1-ல ஊத்தினா எக்ஸாஸ்ட் போர்ட்டுல கரி, ரிங் பள்ளத்துல கரி. ரிங் பள்ளத்துல ஒட்டிக்கிட்டா கம்ப்ரஷன் போச்சு. சைலன்ஸர்ல எண்ணெய் சொட்டறதைப் பார்த்து "நல்லா லூப்ரிகேஷன் ஆகுது"ன்னு சந்தோஷப்படற கூட்டம் இது.

இன்னொன்னு. புது மெஷின் 13,000 சுற்றுக்கு மேல போகுது. 070 அதுக்குப் பக்கத்துலகூட வராது. சுற்று குறைவா இருக்கற இஞ்சினுக்கு எதுக்கு இரட்டிப்பு எண்ணெய்?

பழைய_இரும்பு:
கேள்வி ஒன்னுதான். மானுவல்ல 25 இருக்கா, இல்லையா?

மரவாடி_07:
அண்ணன்மாரே, நடுவுல ஒரு சந்தேகம். ஒரு 070 விலைக்கு வருது. ரெண்டு இழுப்புல ஸ்டார்ட் ஆகுது. ஐடிலிங்ல ஸ்பீடு தானா ஏறுது, தானா இறங்குது. கார்ப் (கார்புரேட்டர்) ஸ்குரூவைத் திருப்பினா சரியாயிடும்னு விக்கறவர் சொல்றார். வாங்கலாமா?

லேத்_பட்டறை:
ஸ்குரூவைத் திருப்பி அதை மறைக்கலாம், சரி பண்ண முடியாது. எங்கேயோ காத்து இழுக்குது. கிராங்க் ஆயில் சீல், கார்ப் அடியில இருக்கற பேக்கிங், சிலிண்டர் அடி பேக்கிங், இந்த மூணுல ஒன்னு. இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் வச்சு அடைச்சு, பிளக் ஓட்டை வழியா 0.5 பார் காத்து ஏத்துங்க. முள் இறங்கக் கூடாது. அதோட நிறுத்திடாதீங்க, வேக்யூமும் (காத்தை வெளியே இழுத்து) பார்க்கணும். சீலோட உதடு காத்தை உள்ள தள்ளும்போது இறுகிக்கும், இழுக்கும்போதுதான் விடும்.

வாங்கறதுக்கு முன்னால சைலன்ஸரைக் கழட்டி பிஸ்டனைப் பாருங்க. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நெடுக்குக் கீறல்னா லீனா (காத்துக்குத் தேவையான பெட்ரோல் இல்லாம) ஓடிச் சூட்டுல பிடிச்சிருக்கு. இன்டேக் பக்கம் மங்கலாத் தேய்ஞ்சிருந்தா ஃபில்டர் வழியா தூசி போயிருக்கு. சூடான இஞ்சின்ல கம்ப்ரஷன் 150 பி.எஸ்.ஐ.-க்குப் பக்கத்துல இருந்தா தைரியமா பேசலாம். 120-க்குக் கீழன்னா ரிங் செலவை விலையில கழிச்சுக் கேளுங்க.

அதுக்கும் முன்னால, அது ஒரிஜினலா காப்பியான்னு சொல்லுங்க. இக்னிஷன் பாயிண்ட் மாடலா, எலக்ட்ரானிக்கா?

பழைய_இரும்பு:
அந்த பிஸ்டன் எக்ஸாஸ்ட் பக்கம் கீறியிருந்தா, யாரோ 50:1 ஊத்தியிருக்கான்னு அர்த்தம்.

புகையில்லா_மண்டலம்:
சிரிப்பு வருது. லீன்னா பெட்ரோல் குறைவு. எண்ணெய் குறைவுன்னு அர்த்தமில்ல. சொல்லப்போனா நீங்க எண்ணெயைக் கூட்டக் கூட்ட, அதே ஜெட் வழியா வர்ற பெட்ரோல் குறையுது. 50:1-ல இருந்து 25:1-க்கு மாறிட்டு எச் ஸ்குரூவை (கார்ப்ல முழு வேகத்துக்குப் பெட்ரோல் அளவு வைக்கற திருகு) தொடாம ஓட்டறவர்தான் மெஷினை லீன் ஆக்கறார்.

பழைய_இரும்பு:
எவ்வளவு குறையுதுன்னு கணக்குப் போட்டீங்களா? 25:1-ல எண்ணெய் 3.85 சதவீதம். 50:1-ல 1.96. வித்தியாசம் ரெண்டுக்கும் கீழ. அதைச் சரிக்கட்ட எச் ஸ்குரூவுல நகக்கண் அளவு போதும். பேரிங் போனா எந்த ஸ்குரூவைத் திருப்புவீங்க? போன மாசம் ரிங் கேப் (ரிங்கோட ரெண்டு முனைக்கு நடுவுல இடைவெளி) 1 மி.மீ. இருந்தாலும் ஓடும்னு சொன்னவர் நீங்கதானே? 58 மி.மீ. போருக்கு இஞ்சுக்கு நாலு தௌ (ஒரு தௌ, இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்குல 0.23 மி.மீ. வரணும். அந்தக் கணக்கே தெரியாதவர் எனக்கு ஜெட் பாடம் எடுக்கறார்.

புகையில்லா_மண்டலம்:
1 மி.மீ. தேய்மான எல்லைன்னு சொன்னேன். புது ரிங்குக்குச் சொல்லல. அந்தத் திரியை நீங்கதான் பூட்ட வச்சீங்க.

வன்னிக்காட்டான்:
நீங்கள் ரெண்டு பேரும் ரெண்டு வீதத்துக்கு அடிபடுறியள். இந்தியாவில இப்ப விக்கிறது இ20, 20 வீதம் எதனோல் கலந்த பெற்றோல். எதனோலுக்கு எரிய வேண்டிய காத்து குறைவு. ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையில 14.7 பங்கு காத்து எண்ட கணக்கு இ20-க்கு 13.5 அளவுக்கு இறங்குது. அப்ப பழைய செற்றிங்கில ஓடினால் எட்டு வீதத்துக்கும் மேல லீன். எண்ணெய் விகிதம் மாத்தி வாற வித்தியாசத்தைப் போல நாலு மடங்கு. அதோட எதனோல் ஈரத்தை உறிஞ்சி அடியில தனியாப் பிரியும். பழைய கார்ப் டயாஃப்ரமும் விறைச்சுப் போகும். எங்கட பக்கம் எதனோல் கலக்கிறேல்லை, அதால நாங்கள் தப்பினம்.

பழைய_இரும்பு:
முதல்ல அது பெட்ரோல். பெற்றோல் இல்ல.

வன்னிக்காட்டான்:
உங்களுக்கு ட். எங்களுக்கு ற். மெசினுக்கு ரெண்டும் ஒண்டுதான். சொன்ன விசயத்துக்கு மறுமொழி இருந்தால் சொல்லுங்கோ.

பழைய_இரும்பு:
மறுமொழி இருக்கு. இ20 லீன் ஆக்குது, சூடு ஏறுது. சூடு ஏறினா எண்ணெய் கூடுதலா வேணும். ஆக 25:1. நன்றி, என் கட்சிக்கு ஆள் சேர்த்ததுக்கு.

வன்னிக்காட்டான்:
நான் ஒரு கட்சியிலும் இல்லை. எச் ஸ்குரூவைத் திறவுங்கோ எண்டுதான் சொன்னனான்.

லேத்_பட்டறை:
திறக்கறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கவர்னர் வச்ச டில்லட்சன் கம்பெனி கார்ப்பா இருந்தா, லோடு இல்லாம ஃபுல் த்ராட்டில் கொடுக்கும்போது "பட பட"ன்னு சத்தம் வரும். கவர்னர் பெட்ரோலைக் கூட்டி ஸ்பீடைப் பிடிக்கற சத்தம் அது. ரிச்சா (பெட்ரோல் கூடுதலா) ஓடுதுன்னு நினைச்சு எச் ஸ்குரூவை மூடுறவங்க நிறைய. மரத்துல இறக்கினதும் கவர்னர் விலகிடும், மெஷின் லீன் ஆகும், பிஸ்டன் பிடிக்கும். எல் (ஐடிலிங்குக்கான ஸ்குரூ), எச் ரெண்டையும் ஒரு சுற்றுத் திறந்து ஆரம்பிச்சு, கட்டையில அறுத்துக்கிட்டே பாருங்க. லோடுல சத்தம் சுத்தமாகணும், லோடை எடுத்ததும் பட படன்னு திரும்பணும்.

புகையில்லா_மண்டலம்:
நல்ல தகவல். மரவாடி_07 கவனத்துக்கு, போர்ல அலுமினியம் இழுத்து ஒட்டியிருந்தா பயப்படாதீங்க. பாத்ரூம் ஆசிட் நாலு சொட்டு விட்டுத் தேய்ச்சா சிலிண்டர் புதுசு மாதிரி வந்துடும்.

லேத்_பட்டறை:
ஐயா, யாரும் அதைச் செய்யாதீங்க! பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். குரோம் பூச்சை உரிக்கவே அதைத்தான் பயன்படுத்தறாங்க. பழைய 070 சிலிண்டர் அலுமினியத்து மேல ஹார்டு குரோம். காஸ்டிக் சோடாக் கரைசலைப் பஞ்சுல தொட்டு, ஒட்டியிருக்கற இடத்துல மட்டும் தடவணும். நுரைக்கும். அலுமினியம் கரைஞ்சதும் நுரை நிக்கும், உடனே தண்ணியில கழுவிடணும். நுரை நிக்காமலே போனா, அங்க குரோம் பேர்ந்து அடி அலுமினியம் தெரியுது, அந்தச் சிலிண்டர் முடிஞ்சது. கையுறை, கண்ணாடி கட்டாயம். சிலிண்டரைக் கழட்டித் தனியா வச்சுத்தான் வேலை. கிராங்க்கேஸ் மெக்னீசியம், ஆசிட் பட்டா பொங்கும்.

பழைய_இரும்பு:
பார்த்தீங்களா? ஆசிட் விஷயத்துலயே இந்த லட்சணம். இவர் சொன்ன 50:1-க்கு முப்பது கட்டைவிரல்.

புகையில்லா_மண்டலம்:
நிகாசில் (நிக்கல், சிலிக்கன் கார்பைடு) பூச்சுக்கு ஆசிட் பலரும் பயன்படுத்தறதுதான். எந்தப் பூச்சுன்னு அவர் சொல்லல, நானும் பொதுவாச் சொன்னேன். ஆயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மரவாடி_07:
இது காப்பி மாதிரிதான் தெரியுது. சிலிண்டர்ல மாலே (ஜெர்மன் சிலிண்டர் கம்பெனி) முத்திரை இல்ல. பாகத்துல 070-ஓட பாக எண் தொடங்கற 1106-ம் கிடைக்கல. புது சிலிண்டர் செட்டும் காப்பிதான் கிடைக்கும்கறாங்க. போடலாமா?

லேத்_பட்டறை:
போடலாம், அப்படியே எடுத்து மாட்டாதீங்க. போர்ட் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், ரிங் அதுல மாட்டி உடையும். நுண் அரத்தால விளிம்பை லேசா மழுக்குங்க, பூச்சைப் பேர்க்காம. கூட வர்ற பிஸ்டன் பின் கிளிப்பைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல கிளிப் போடுங்க. அது தெறிச்சா சிலிண்டரே காலி. பாயிண்ட் மாடல்னா கேப் 0.35-ல இருந்து 0.4 மி.மீ., பிளக் 0.5. செயின் .404 இஞ்ச் பிட்ச், அரம் 5.5 மி.மீ. செயின் பிரேக் கிடையாது, பார் நுனி மரத்துல பட்டா மெஷின் முகத்துக்கு வரும்.

பழைய_இரும்பு:
காப்பியோ ஒரிஜினலோ, முதல் பத்து டேங்க் 25:1. அப்புறமும் 25:1.

புகையில்லா_மண்டலம்:
காப்பி கம்பெனி மானுவல்லயும் இவருக்கு 25 தெரியும் போல.

வன்னிக்காட்டான்:
32:1 எண்டு லிட்டருக்கு 31 மில்லி விட்டால் ரெண்டு பேருக்கும் சமாதானம்.

பழைய_இரும்பு:
32 எந்த மானுவல்ல இருக்கு? காட்டுங்க. அப்புறம், நீங்க அங்க போட்-க்கு ஊத்தற டிசிடபிள்யூ-3 ஆயிலை இதுல ஊத்தறீங்களோன்னு சந்தேகமா இருக்கு. அது தண்ணியில குளிரற இஞ்சினுக்கு. காத்துல குளிரற செயின்சா சூட்டுக்கு அது தாங்காது.

வன்னிக்காட்டான்:
அப்பிடி நான் எங்க சொன்னனான்? மேல ஏறி வாசியுங்கோ.

மரவாடி_07:
அண்ணே, விக்கறவர் சாயங்காலம் வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்கார். வாங்கலாமா வேண்டாமா?

புகையில்லா_மண்டலம்:
வாங்குங்க. சீல் மாத்துங்க, எஃப்டி ஆயில் 50:1.

பழைய_இரும்பு:
தம்பி, அவர் பேச்சைக் கேட்காதீங்க. காலைல இருந்து ஒரே கேள்வி கேட்கறேன், இன்னும் பதில் வரல. மானுவல்ல 25 இருக்கா, இல்லையா?

புகையில்லா_மண்டலம்:
இருக்கு. அதே வரியில 50-ம் இருக்கு.

பழைய_இரும்பு:
25 இருக்குன்னு ஒத்துக்கிட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.