அம்மாவுக்குப் பம்பஸ்: இரவு ரயிலுக்கு எது சரி?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, இருமினாலே சிறுநீர் கசிந்துவிடும். அடுத்த கிழமை திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குக் கூட்டிப்போக வேண்டும். பம்பஸ் கட்டினால் விடியும்போது தொடையெல்லாம் சிவந்துவிடுகிறது, கசிவுக்குப் பயந்து மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறா. என்ன செய்யலாம்?

பதில் 1: தண்ணீரை நிறுத்த விடாதீங்க. சிறுநீர் செறிவானால் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும்.

பதில் 2: ரயிலுக்கு உள்ளாடை மாதிரி இழுத்துப் போடும் பம்பஸ்தான் வசதி, ஆடுகிற பெட்டியில் நின்றுகொண்டு மற்ற வகையின் பக்கப் பட்டியை ஒட்ட முடியாது. இடுப்பை அளந்து வாங்குங்க, பெரிதாக இருந்தால் கால் பக்கத்தால் ஒழுகும் (நான் ஒரு பாக்கெட்டை அப்படித்தான் வீணாக்கினேன்).

பதில் 3: சிவப்புக்கு, கழுவி ஒற்றி உலர்த்தி வாசலின் மெல்லிசாகப் பூசுங்க, அப்பிவிட்டால் பம்பஸ் சரியாக உறிஞ்சாது. நனைந்ததும் மாற்றுங்க. இருமும்போது கசிவதற்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) இருக்கிறது, டொக்டரிடம் கேளுங்க.

கேட்டவர்: சரி அக்கா. இடுப்பு 38 அங்குலம், மீடியமா லார்ஜா?