‘மீள்வலி’ வேண்டாம்: ரீபவுண்ட் டெண்டர்னஸுக்கு ஒரு சொல்

வணக்கம்.

நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ரீபவுண்ட் டெண்டர்னஸுக்கு உள்ள ‘மீள்வலி’யை எடுத்துவிடலாம். கேஸ் ஷீட்டில் அதைப் படிக்கும் அடுத்த டியூட்டி நர்ஸ், நின்ற வலி திரும்பிவிட்டது என்றுதான் நினைப்பார். சோதனையோ வேறு. விரல்களை வயிற்றில் மெதுவாக அழுத்தி, சில நொடி நிறுத்தி, சட்டென்று எடுக்கிறோம். பார்க்க வேண்டியது வயிற்றை அல்ல, முகத்தை. பெரிட்டோனியம், அதாவது வயிற்றறையின் உட்சவ்வு, அழன்றிருந்தால் அழுத்தியபோது தாங்கியவர் எடுத்ததும் முகம் சுளிப்பார். “கைய எடுக்கச்சிலதான் சுள்ளுன்னு இருக்கு” என்பார். என் பரிந்துரை: விடுநோவு.

---

அண்ணாச்சி, ‘நோவு’ சரி. விளவங்கோடு பக்கம் நொம்பலம் என்பார்கள். ஆனாலும் நோவு புரியாதவர் இல்லை. ‘விடு’தான் இடிக்கிறது. விட்டுவிட்டு வலிப்பது என்றால் குடல் முறுக்கிப் பிடிப்பது. விடுநோவு அங்கே கொண்டுபோய்விடும். ‘கையெடுப்பு நோவு’ என்போம். அழுத்தும்போதே வலிப்பது ‘அழுத்துநோவு’. நீளம்தான், ஆனால் சோதனை செய்முறையே பெயருக்குள் இருக்கிறது.

கை பட்டதும் வயிற்றுத் தசை இறுகிக்கொள்ளும் கார்டிங்குக்குப் ‘பிடிப்பு’ ஒத்துவராது, அது தசைப்பிடிப்பு. ‘காப்பிறுக்கம்’ எனலாம். முழங்காலை மடக்கி, வாயால் மூச்சுவிடச் சொன்னதும் தளர்ந்தால் அது பயமோ, நம் கைக் குளிரோ. தளராமல் விறைத்தே கிடப்பதற்குப் ‘பலகை வயிறு’ போதும்.

பட்டியலில் ‘கையெடுப்பு நோவு’ பதிவோடு ஒரு எச்சரிக்கையும் சேர வேண்டும். பனையிலிருந்து விழுந்தவருக்கும், பைக் ஹேண்டில் வயிற்றில் குத்தியவருக்கும் கையெடுப்பு நோவு இல்லை என்பதால் வயிறு நன்றாக இருக்கிறது என்று எழுதக் கூடாது. இரைப்பை அமிலத்தைப்போல் அன்றி, ரத்தம் உடனே எரிச்சல் உண்டாக்காது; மண்ணீரல் கிழிந்து ரத்தம் தேங்கும்போதும் வயிறு மெத்தென்று இருக்கலாம். குடித்தவர், தலையிலோ தண்டுவடத்திலோ அடிபட்டவர் சொல்லும் ‘வலியில்லை’யை நம்ப முடியாது. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒன்றரை லிட்டர் ரத்தம் போகும்வரைகூட பிபி தாங்கும். நாடி பெரும்பாலும் அதற்கு முன்பே 100-ஐத் தாண்டும். திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதும் ஸ்கேனும்தான் வழி.

இன்னொன்று: ஏற்கெனவே வலியில் துடிப்பவரிடம் அழுத்தி எடுக்கும் இந்தச் சோதனை கொடுமை. இருமச் சொன்னாலே, விரலால் லேசாகத் தட்டினாலே தெரிந்துவிடும். அதற்குத் ‘தட்டுநோவு’.

மண்ணீரல் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தி இடது தோள் முனையில் வலிப்பதைப் பட்டியல் ‘இடம்மாறு வலி’ என்கிறது. அப்பெண்டிக்ஸில் தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகர்வதல்லவா இடம் மாறுவது? தோளில் தெரிவதற்குத் ‘தொலைநோவு’ சரிவருமா, அண்ணாச்சி?