அக்ல், தவ்க்: தமிழில் என்ன சொல்வது?

ஈரோட்டிலிருந்து:

வணக்கமுங்க. இசுலாமிய மெய்யியல் கலைச்சொற் பட்டியலில், சிந்தித்து அறியும் ஆற்றலைக் குறிக்கும் ‘அக்ல்’ என்ற அரபுச் சொல்லுக்குப் ‘பகுத்தறிவு’ என்று போட்டிருக்கிறது. எங்க ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரியார்தான் நினைவுக்கு வருவார், கூடவே கடவுள் மறுப்பும் வரும். இசுலாமிய அறிஞர் கஸ்ஸாலியோ (1058–1111) அக்லைக் கொண்டே படைத்தவன் உண்டென்று நிறுவுகிறவர். தருக்கம் தெரியாதவர் கல்வியை நம்ப முடியாது என்று ‘முஸ்தஸ்ஃபா’ என்ற தம் நூலின் முகப்பிலேயே சொல்கிறார்.

‘ஏதுவறிவு’ என்று வைக்கலாமுங்களா? பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என மணிமேகலை அடுக்கும் அதே ஏதுதான். கஸ்ஸாலியின் ‘தஹாஃபுத்’ நூலின் 17ஆம் விவாதத்தில் பஞ்சும் நெருப்பும் வருகின்றன (கோவை மில்காரர்கள் ஒப்புவார்களோ என்னவோ): தொட்டதும் எரிவது கட்டாயமல்ல, இறைவன் வழக்கமாக்கி வைத்த ஒழுங்கு என்கிறார். காரணத்தை மறுப்பவர் அக்லையே மறுக்கிறார் என்பது மெய்யியலாளர் இப்னு ருஷ்தின் பதில். சண்டையே ஏதுவைப் பற்றித்தான்.

நேரே சுவைத்து அறிவதான ‘தவ்க்’குக்குப் பட்டறிவு போதுமா?

பொள்ளாச்சியிலிருந்து:

ஏதுவறிவு நல்ல சொல்லுங்க. ஆனால் அக்ல் என்பது ஆற்றல், ஏதுவறிவு அதன் விளைச்சல். ஆற்றலுக்கு ‘மதி’ என்று தனியாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘ஏதுவறிவால் ஏதுவறிவு பெற்றார்’ என்று வாக்கியம் இடறும்.

பட்டறிவு வேண்டாம். மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு சீனாவின் ‘தஜ்ரிபா’வுக்கு அது கட்டாயம் தேவை: சகமூனியா என்ற செடியின் பால் பித்தத்தைக் கழிக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்து அறிவது. தவ்க் வேறு. நோயில் கிடக்கும் மருத்துவருக்கு நலத்தின் இலக்கணமும் மருந்தும் தெரியும், நலம்தான் இல்லை. குடித்திருப்பவருக்குப் போதையின் இலக்கணம் தெரியாது, போதையில்தான் இருக்கிறார். கஸ்ஸாலி காட்டும் வேறுபாடு இது. ‘நுகர்வறிவு’ என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். ‘துய்ப்பறிவு’ என்பேன். மெய்ஞ்ஞானம் என்ற சொல் இறைவனை அறிவதான ‘மஃரிபா’வுக்கே இருக்கட்டும், தமிழ் முஸ்லிம்கள் புழங்கும் சொல் அது.

இன்னொன்று. இப்னு சீனாவின் ‘ஹத்ஸ்’, அதாவது இரு கூற்றுகளை இணைத்து முடிவைத் தரும் நடுப்பதம் சட்டெனப் பிடிபடுவது. திடீரென வருவதால் அதைத் துய்ப்பறிவில் சேர்த்துவிடாதீர்கள். பிடிபடுவது ஏதுதான். ‘ஏதுத்தெறிப்பு’ என்று வைக்கலாம்.

பேரூரிலிருந்து:

துய்ப்பு என்றால் சைவ சித்தாந்தம் படித்தவர்கள் வினைப்பயன் நுகர்வதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே மடத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஈரோட்டிலிருந்து:

சரிங்க, அப்படியானால் ‘துய்ப்பு’ என்று மட்டும் எங்கும் வரக்கூடாது. ‘துய்ப்பறிவு’ என்று முழுதாகவே எழுதி, முதல் இடத்தில் பக்கத்திலேயே ‘தவ்க்’ என்றும் போட்டுவிடுகிறேன். மறைந்திருப்பது உள்ளத்தில் வெளிப்படுவதைச் சொல்லும் ‘கஷ்ஃப்’ இன்னும் பாக்கி. ‘திரைவிலக்கு’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார், எனக்கு அது நாடகக் கொட்டகைச் சொல்லாகப் படுகிறது.