திருகாணி இல்லாத வி8: என்ன எஞ்சின், ஏன் தட்டுது?

சுங்கை சிப்புட் பட்டறை: வணக்கம். தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவரில் ஒரு வி8 எஞ்சின் (வி வடிவில் எட்டு சிலிண்டர்) இருக்கிறது. தகடு இல்லை. பிளாக்கில் காந்தம் ஒட்டவில்லை, அலுமினியம்தான். சூடான பிறகும் டிக் டிக் சத்தம் நிற்பதில்லை, இடது பக்கம் அதிகம். டெப்பட் கேப் (வால்வு இடைவெளி) வைக்கலாம் என்று மூடியைத் திறந்தால், வால்வை அமுக்கும் ராக்கரில் அதைச் சரிசெய்யும் திருகாணியே கிடையாது. சூட்டில் 2400 ஆர்பிஎம்முக்கு ஆயில் 35 பிஎஸ்ஐ. ஆயில் பம்ப் போச்சு என்கிறார் பொமன் (மெக்கானிக்). ஹெட் கேஸ்கட் போன மாதம் மாற்றியது. என்ன எஞ்சின் இது?

பழைய இரும்பு: பம்பைத் தொடாதீங்க தம்பி. அந்த ஓட்டத்தில் 30–40 பிஎஸ்ஐதான் இதற்குக் கணக்கு. ஜப்பான் எஞ்சின் பழகிய கைக்குக் குறைவாகத்தான் தெரியும்.

முதலில் ஹெட் போல்டை எண்ணுங்க. ஒரு ஹெட்டுக்கு 18 இருந்தால் ஓல்ட்ஸ்மொபில். 14 என்றால் பியூக் அல்லது ரோவர். பியூக் 1961–63இல் செய்த 3528 சிசி எஞ்சின் உரிமையை ரோவர் வாங்கி, 1967இல் பி5பி காரில் போட்டது. லேண்ட் ரோவர் 109இல் 1979இல் வந்தது, 91 குதிரைத்திறன்தான். இரட்டை ஸ்ட்ராம்பெர்க் அல்லது எஸ்யூ கார்புரேட்டர் இருந்தால் ரோவர். எஞ்சின் நம்பர் இடது பக்கம், 3ஆம் சிலிண்டருக்கும் 5ஆம் சிலிண்டருக்கும் நடுவில் பிளாக்கிலேயே அடித்திருக்கும்.

திருகாணி இல்லாததற்குக் காரணம் ஹைட்ராலிக் லிஃப்டர், அதாவது கேமுக்கும் (வால்வுகளை இயக்கும் தண்டு) புஷ்ராடுக்கும் (ராக்கரைத் தள்ளும் கம்பி) நடுவில் இருக்கும் உருளை. உள்ளே பிளஞ்சர், ஸ்பிரிங், செக் வால்வு. ஆயில் நிரம்பி இடைவெளியைத் தானே அடைக்கும். கேப் வைக்கவே கூடாது. பிளஞ்சர் 0.5 முதல் 1.5 மிமீ வரை அமுங்கி நிற்கணும், அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட் பட்டறை: 14 போல்ட், இரட்டை ஸ்ட்ராம்பெர்க். பழைய கேஸ்கட் மெல்லிய தகரம், புதுசு தடியான கறுப்பு.

வால்வு வாத்தியார்: அப்போ ரோவர்தான். சத்தமும் இப்போ புரியுது. தகரம் சுமார் 0.5 மிமீ, கறுப்பு காம்போசிட் இறுக்கிய பிறகும் 1.2 பக்கம். ஹெட் 0.7 உயர்ந்தால் பிளஞ்சர் அமுக்கம் அதே அளவு போய்விடும். ஏற்கெனவே குறைவாக இருந்த லிஃப்டர் தட்டும்.

ஆனால் இடது பக்கம் மட்டும் அதிகம் என்றால், இன்டேக்கை (லிஃப்டரை மூடியிருக்கும் காற்றுக் குழாய்த் தொகுதி) அவிழ்க்கும் முன் ராக்கர் ஷாஃப்டைப் (ராக்கர்கள் கோர்த்திருக்கும் தண்டு) பாருங்க. ஒரு முனையில் சின்ன வெட்டு இருக்கும். வலது பேங்கில் (சிலிண்டர் வரிசையில்) அது மேல்நோக்கி, எஞ்சின் முன்பக்கம். இடது பேங்கில் மேல்நோக்கி, பின்பக்கம். வலது இடது ஓட்டுநர் சீட்டிலிருந்து. மாற்றிப் போட்டால் ராக்கருக்கு ஆயில் சரியாகப் போகாது. ஹெட் கழற்றிய வண்டியில் அடிக்கடி நடக்கிறது. போல்டுகளை நாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தணும், இறுக்கும்போது 38 நியூட்டன் மீட்டர். அலுமினிய மரை, அடம் பிடித்தால் பிய்ந்துவிடும்.

அது சரியாக இருந்தால் இன்டேக்கும் அடியிலுள்ள தகர கேஸ்கட்டும் எடுங்க. வால்வு மூடிய நிலையில், லிஃப்டர் கிளிப்புக்கும் புஷ்ராட் உட்காரும் கிண்ணத்துக்கும் நடுவில் அளங்க. 0.5க்குக் கீழே என்றால் நீளமான புஷ்ராட். ராக்கர் காலுக்கு அடியில் ஷிம் (உயர்த்த வைக்கும் மெல்லிய தகடு) இருந்தால் எடுத்துவிடுங்க. ஷிம் போட்டால் சரியாகும் என்று சொல்வார்கள், அது ஹெட் சீவித் தாழ்ந்த எஞ்சினுக்கு; உங்களுக்கு ஹெட் உயர்ந்திருப்பதால் நேர் எதிர்.

எக்ஸாஸ்ட் கேஸ்கட் ஊதினாலும் (புகை கசிந்தாலும்) இதே சத்தம்தான். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துத் தேடிப் பாருங்க.

சுங்கை சிப்புட் பட்டறை: இடது ஷாஃப்ட் வெட்டு முன்பக்கம் இருந்தது! திருப்பிப் போட்டாச்சு. பெரிய சத்தம் போச்சு. 5ஆம் சிலிண்டரில் ஒன்று மட்டும் இன்னும் தட்டுது.

பழைய இரும்பு: அந்த லிஃப்டரை எடுத்து அடிப்பாகத்தைப் பாருங்க. லேசாகப் புடைத்திருந்தால் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவலாம். பிளஞ்சரை வேறு உடலில் போடாதீங்க, ஜோடி ஜோடியாகப் பொருத்தியவை. பழைய லிஃப்டரை அதே துளையில்தான் திரும்பப் போடணும். அடி குழிந்திருந்தால் கேம் தேய்ந்திருக்கும், அப்போ கேமும் 16 லிஃப்டரும் சேர்த்தே புதுசு. முதல் 20 நிமிஷம் ஐடிலில் விடாமல் 2000க்கு மேல் ஓட்டுங்க. ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகம் உள்ளது.

பொமன் பம்ப் மூடியைத் திறந்திருந்தால் பல்சக்கரத்தில் வாஸ்லின் நிரப்பி மூடச் சொல்லுங்க. வெறுமனே மூடினால் ஆயிலை இழுக்காது.