புதுப்பிப்பு: சீன மாணவிக்கு ஆங்கிலச் சொல்வடிவப் பயிற்சி (பெரும்பாலும் தீர்ந்தது)

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. செங்டுவில் இருக்கும் என் ஆன்லைன் மாணவி, கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவுக்குப் படிக்கிறாள். சொற்பட்டியலை அர்த்தத்தோடு ஒப்பிப்பவள், கோடிட்ட இடத்தில் மட்டும் வடிவத்தைத் தப்பாகப் போடுகிறாள் என்று கேட்டிருந்தேன். அந்தத் தேர்வில் ஒரு பத்தி, 10 இடங்கள். பெரும்பாலானவற்றுக்கு மூலச்சொல் தந்திருப்பார்கள்.

'சக்சீட், சக்சஸ், சக்சஸ்ஃபுல்' என்று குடும்பமாக மனப்பாடம் செய்வது சரிவரவில்லை. எல்லாம் தெரியும், எது எங்கே என்பதுதான் தெரியாது. கைகொடுத்தது, மூலச்சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் பக்கத்துச் சொற்களைப் பார்க்கச் சொன்ன யோசனை. முன்னால் 'தி', பின்னால் 'ஆஃப்' என்றால் பெயர்ச்சொல். அதை ஓரத்தில் எழுதிய பிறகே விரலை எடுக்கலாம். சீனத்தில் 'ஃபாட்சான்' ஒன்றே 'டெவலப்'புக்கும் 'டெவலப்மென்ட்'டுக்கும் போதும், அதனால் இந்தப் படி தானாக வராது.

எதிர்பாராதது: எழுத்தில் சரியான பிறகும் பேச்சில் 'லுக்ட்' வெறும் 'லுக்'காகவே நின்றது. மாண்டரின் அசைகள் 'ட்', 'க்' என்று முடிவதில்லையே! 'லுக்ட் அட்' என்பதை 'லுக்-டட்' என்று சேர்த்துச் சொல்ல வைத்தேன், வந்துவிட்டது. அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் இன்னும் விழுங்குகிறாள்.